டேப்பில் கேட்ட குரல்: பணியில் எரிந்துபோன ஓர் உளவியலாளரின் நிகழ்வு ஆய்வு

1970களின் தொடக்கம். நியூயார்க்கில் ஒரு குடும்பம் விடுமுறைக்குக் கிளம்பக் காத்திருந்தது. ரொம்ப நாளாகத் தள்ளிப்போன பயணம். மனைவி வற்புறுத்தி வற்புறுத்தித்தான் அதற்கு நாள் குறித்திருந்தார். முந்தின ராத்திரியும் வழக்கம்போல வேலையை முடித்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு வந்து படுத்த கணவருக்கு, காலையில் எழ முடியவில்லை. விமானம் போய்விட்டது. அவர் இரண்டு நாள் தூங்கினார். பிள்ளைகளின் விடுமுறை அதோடு போயிற்று.

அவர் பெயர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். உளவியலாளர். அடுத்தவர் மனதுக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குத் தொழில். இன்று ஐ.டி. கம்பெனி முதல் ஆஸ்பத்திரி வரை எல்லோர் வாயிலும் புழங்கும் 'பர்ன்-அவுட்', அதாவது பணிச்சோர்வு, என்ற சொல்லுக்கு உளவியலில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். அதன் முதல் பாடத்தை அவர் தன் உடம்பிலேயே படித்தார்.

நான் 14 வருடமாக நர்ஸ். பணிச்சோர்வு பற்றி ஆஸ்பத்திரிகளில் நடத்தும் பயிற்சி வகுப்புகள் நிறையப் பார்த்துவிட்டேன். திரையில் அறிகுறிகள் வரிசையாக வரும்: களைப்பு, எரிச்சல், தூக்கமின்மை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு அதே வார்டுக்குத் திரும்பிப் போவோம். எனக்கே அது வந்தபோது அந்த வரிசையில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பிற்பாடு இந்த ஒரு மனிதரின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. அதனால்தான் அதை முழுசாக எழுதிப் பார்க்கிறேன். நடுவில் என் வார்டும் வரும்.

ஆள்

ஃப்ராய்டன்பெர்கர் 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளின் கொடுமை முற்றியபோது, இன்னும் சிறுவனாக இருக்கையிலேயே, தனியாகப் புறப்பட்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே உறவினர் வீட்டில் ஒழுங்கான கவனிப்பு கிடைக்கவில்லை. சில காலம் தெருவிலும் இருந்திருக்கிறார். பின்னால் பெற்றோர் வந்து சேர்ந்ததும், குடும்பத்தைத் தாங்குவதற்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். இரவில் புரூக்ளின் கல்லூரியில் படிப்பு. அங்கே பாடம் நடத்திய ஆபிரகாம் மாஸ்லோதான் அவரை உளவியல் பக்கம் திருப்பிவிட்டார். 1956இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அப்புறம் நகரின் வசதியான பகுதியில் சொந்தமாக ஆலோசனை அறை, நல்ல வருமானம்.

இந்த முன்கதையைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். சின்ன வயதிலேயே வீட்டுப் பொறுப்பைத் தோளில் வாங்கிக்கொண்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சும்மா உட்கார்ந்தால் குற்ற உணர்வு வந்துவிடும். நம் வீடுகளில் 'மூத்தது' என்று ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்களே, தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, அப்பாவின் மருந்து என்று எல்லாக் கணக்கும் அவர்கள் மண்டைக்குள்தான் ஓடும். நானும் மூத்தவள்தான். "என்னால முடியல" என்ற வாக்கியம் எங்களைப் போன்றவர்கள் வாயில் சுலபத்தில் வராது. வந்தால் ஏதோ சத்தியம் மீறியதுபோல இருக்கும்.

இடம்

1967இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் டேவிட் ஸ்மித் என்ற மருத்துவர் ஓர் இலவச மருத்துவமனை தொடங்கினார். வீட்டை விட்டு ஓடிவந்த இளைஞர்கள், போதை மருந்தில் சிக்கியவர்கள், கையில் காசில்லாதவர்கள் யார் வந்தாலும் பார்ப்பார்கள். மருத்துவம் உரிமை, சலுகை இல்லை என்பதுதான் அவர்கள் கொள்கை. 1968 கோடையில் ஃப்ராய்டன்பெர்கர் அங்கே போய்ப் பார்த்தார். மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் செயின்ட் மார்க்ஸ் இலவச மருத்துவமனை உருவாகக் கைகொடுத்தார்.

அதற்குப் பிறகு அவருடைய நாள் இப்படித்தான் ஓடியது. பகல் முழுக்கச் சொந்த ஆலோசனை அறை. பத்து மணி நேரத்துக்குக் குறையாத வேலை. சாயங்காலம் அதை மூடிவிட்டு நேராக இலவச மருத்துவமனை. அங்கே ராத்திரி 11 மணி வரை கூட்டம். கூட்டம் கலைந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. தொண்டர்கள் எல்லோரும் உட்கார்ந்து அன்றைய நோயாளிகளைப் பற்றியும் இடத்தை நடத்துவது பற்றியும் பேசுவார்கள். படுக்கப் போகும்போது விடியற்காலை இரண்டு. மறுநாள் காலை மறுபடியும் ஆலோசனை அறை.

மருத்துவமனையில் அவருக்குச் சம்பளம் கிடையாது. 'போய்யா, இவ்வளவு சம்பளத்துக்கு இவ்வளவு உழைப்பா' என்று சலித்துக்கொள்கிற வாய்ப்புகூட அங்கே இல்லை. மனசார விரும்பிச் செய்த வேலை. என் அனுபவத்தில், ஒருவரை உள்ளிருந்து தின்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான். பிடிக்காத வேலையில் நாம் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் நிற்போம்.

களைப்பு ஏற ஏற அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். மனைவிக்கு அது தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அந்த நிலையில்தான் டிக்கெட் எடுத்ததும், விமானம் போனதும்.

டேப்

மூன்றாம் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். தன்னிடம் வரும் நோயாளியிடம் என்ன செய்வாரோ அதையே தனக்குச் செய்துகொள்ள முடிவெடுத்தார். ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்துக்கொண்டு மனதில் வந்ததையெல்லாம் பேசினார். பிறகு திரும்பப் போட்டு, வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டார்.

அவரைத் திகைக்க வைத்தது குரல். என்ன பேசினோம் என்பதை விட்டுவிட்டு எப்படிப் பேசினோம் என்று கவனித்தபோது, சோர்வும் கோபமும் ஒன்றாகக் கலந்து கேட்டன. அடுத்தவருக்கு உதவுவதையே வாழ்க்கையாக வைத்திருந்த மனிதரின் குரலில் அத்தனை கோபம்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என்னுடைய கதை இது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் 24 படுக்கை வார்டுக்கு இன்சார்ஜாக இருந்தேன். ராத்திரிக்கு இரண்டு நர்ஸ். நைட் டூட்டி எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் எட்டு மணி வரை, ஏழு ராத்திரி தொடர்ந்து. கூட்டிப் பாருங்கள், 84 மணி நேரம். அந்த அலையில் நான் விழவில்லை. எல்லோரும் "இரும்பு மாதிரி நிக்கிறீங்க சிஸ்டர்" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

விழுந்தது ஒரு வருடம் கழித்து, கொரோனா வார்டெல்லாம் மூடி, வேலை 'சாதாரணமாக' ஆன பிறகு. முதலில் நோயாளிகளின் பெயர் என் வாயை விட்டுப் போனது. ஒரு நாள் மருந்து மேஜையில் நின்றுகொண்டு, "பன்னெண்டாம் பெட்டு ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு, போய்க் கழட்டு" என்று கத்தினேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார். "அவருக்குப் பேரு இருக்கும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல். 'இருக்கிற வேலையில் இது வேறயா' என்று நினைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

அதுவும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது டவுன் பஸ்ஸில். ஏதோ ஒரு ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) படம் தேவைப்பட்டு, ஜூனியர் பெண் ஒருத்தியோடு வைத்திருந்த வாட்ஸ்அப் உரையாடலில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். கை தவறி ஒரு வாய்ஸ் மெசேஜில் பட்டுவிட்டது. இரண்டு மாதம் முன்னால் நான் அனுப்பியது. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, டியூட்டி டாக்டரைக் கூப்பிடலாமா அக்கா என்று அவள் கேட்டிருந்தாள். அதற்கு என் பதில், 41 வினாடி. "இதுக்கெல்லாமா எனக்கு மெசேஜ் போடுவ? படிச்சுத்தானே வந்த? என்ன பண்றதுன்னு தெரியலன்னா எதுக்கு வேலைக்கு வந்த?" அதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. ஹெட்செட்டில் அந்தக் குரலைக் கேட்டபோது முதல் ஐந்து வினாடி அது யார் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அவள் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். என்னிடம் அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு வார்டில் ஜூனியர் கேட்பதை நிறுத்திவிட்டால் அது எவ்வளவு ஆபத்து என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஏழு பக்கம்

1974இல் ஃப்ராய்டன்பெர்கர் சமூகப் பிரச்சினைகள் பற்றிய அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில், ஊழியர்கள் எரிந்துபோவது பற்றி ஏழு பக்கக் கட்டுரை எழுதினார். 'பர்ன்-அவுட்' என்பது போதைப்பழக்கத்தில் உருக்குலைந்து போனவர்களைக் குறிக்கத் தெருவில் புழங்கிய சொல். அவர் அந்தச் சொல்லை எடுத்து, அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கே வைத்தார். தன்னையும் சேர்த்துத்தான்.

அதில் அவர் சொல்லும் அறிகுறிகளைப் படித்தால், மேஜையில் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை என்று தெரியும். போகாத ஜலதோஷம், தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, மூச்சு வாங்குதல் எல்லாம் உண்டு. ஆனால் கட்டுரையின் உயிர் நடத்தையைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. சட்டென்று கோபம். ஒன்றுமில்லாததற்கு அழுகை. எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற முரட்டுத் துணிச்சல். யார் புதிதாக எதைச் சொன்னாலும் 'அதெல்லாம் இங்க நடக்காது' என்று தட்டிவிடும் பிடிவாதம். கடைசியாக ஒன்று சொல்கிறார், அதுதான் என்னைச் சுட்டது: அந்த ஆள் வேலை இடத்தில் செலவிடும் நேரம் கூடிக்கொண்டே போகும், நடக்கும் வேலை குறைந்துகொண்டே போகும்.

டூட்டி முடிந்தும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வார்டிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். கேஸ் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன். மேலதிகாரிகள் அதைக் கடமை உணர்ச்சி என்று பாராட்டினார்கள்.

இது யாருக்கு வரும் என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் அப்போது பலருக்குப் புதுசு. அர்ப்பணிப்போடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரும் என்றார். உள்ளே இருந்து 'கொடுத்துக்கொண்டே இரு' என்று ஒரு நெருக்கடி, எதிரே நிற்கும் மனிதர்களின் தேவை ஒரு நெருக்கடி, நிர்வாகம் தரும் நெருக்கடி மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளின் மேல் இறங்கும்போது அவர் இன்னும் கொஞ்சம் உழைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

நம் சொற்கள்

கிட்டத்தட்ட அதே காலத்தில் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் தனியாக இதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1971இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்து நடத்திய அந்தப் பேர்போன சிறைச் சோதனையை, இது தப்பு, நிறுத்துங்கள் என்று எதிர்த்துப் பேசியவர் அவர். நல்ல பிள்ளைகள் ஒரு வேலைக்குள் நுழைந்ததும் எதிரே நிற்பவரை மனிதராகவே பார்க்காமல் போவதை நேரில் கண்டவர். அந்தக் கண்ணோடு போய் மருத்துவ, சமூகப் பணியாளர்களைப் பேட்டி எடுத்தார். 1981இல் அவரும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

அந்த அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. அதற்குத் தமிழில் கஷ்டப்பட்டுக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை, நம் பேச்சிலேயே இருக்கிறது. முதலாவது அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இரண்டாவது விட்டேத்தி. எதிரே இருப்பவர் அழுதாலும் சிரித்தாலும் ஒட்டாமல் நிற்பது, பெயருக்குப் பதில் படுக்கை எண் வருவது. மூன்றாவது ஏனோதானோ. செய்கிற வேலை தேறவில்லை, தனக்கு அது வரவில்லை, செய்து என்ன ஆகப்போகிறது என்று கை தளர்வது.

இதில் எல்லோரும் அசதியைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அதைச் சொன்னால் மரியாதை உண்டு, "பாவம், எவ்வளவு உழைக்கிறா" என்பார்கள். ஆனால் அசதி மட்டும் இருந்தால் அது உழைப்பின் களைப்பாகக்கூட இருக்கலாம், நாலு நாள் தூங்கினால் தீரும். விட்டேத்தி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதை யாரும் தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தெரியும். "நீ வீட்லயும் வார்டு மாதிரியே அதட்டுற" என்று என் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்தபோது, நோய் என்று சொல்லவில்லை. வேலை இடத்தின் நீண்டகால அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்றுதான் வரையறுத்தது, வேலை சார்ந்த அனுபவத்துக்கு மட்டுமே அந்தச் சொல் பொருந்தும் என்றும் சொன்னது. ஆகவே 'எனக்குப் பணிச்சோர்வுதான்' என்று நாமே முத்திரை குத்திக்கொண்டு உட்காரக் கூடாது. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் சர்க்கரையும் இதே மாதிரி ஆளைத் துவள வைக்கும். நான் முதலில் ஹீமோகுளோபின் பார்த்தேன், 9.2 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு அது ஏறியது, உடம்பு கொஞ்சம் தேறியது, குரல் மாறவில்லை. மனச்சோர்வு என்ற நோயும் வேறு. அது வேலையோடு நிற்காது, பண்டிகை நாளிலும் பிடித்த சாப்பாட்டிலும் கூடவே வரும், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணத்தைக் கொண்டுவரும். அந்த எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

மீண்டது எப்படி

எல்லோரையும் போல நானும் லீவு போட்டேன், 18 நாள். முதல் ஆறு நாள் தூங்கினேன். அப்புறம் நன்றாகத்தான் இருந்தது. ஊரில் அத்தை வீட்டுக்குப் போனேன், சிரித்தேன். திரும்பி டூட்டிக்குப் போன மூன்றாம் நாள் அதே எரிச்சல், அதே குரல். லீவில் ஆற்றிய காயத்தை அதே இடத்தில் மறுபடி இடித்துக்கொண்ட மாதிரி.

ஃப்ராய்டன்பெர்கரின் கட்டுரை அந்தச் சமயத்தில்தான் கைக்கு வந்தது. அதன் பரிந்துரைகளைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். பெரும்பாலானவை எரிந்துபோன ஆளைப் பார்த்துச் சொன்னவை இல்லை, இடத்தை நடத்துகிறவர்களைப் பார்த்துச் சொன்னவை. ஒரே ஆளை ஒரே கடினமான வேலையில் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். எத்தனை மணி நேரம் என்று எல்லை வையுங்கள். ஆட்களைச் சேருங்கள். ஒருவர் சுமப்பது மற்றவருக்குத் தெரியும்படி கூடிப் பேசுங்கள். ரொம்பவும் எரிந்துபோனவரைக் கட்டாயமாக விலக்கி, உண்மையான இடைவெளி கொடுங்கள், அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். தான் படுக்கையில் கிடந்த நாட்களுக்குப் பிறகும் அவர் 'மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று எழுதவில்லை என்பதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு.

இன்னொன்று நம்மை யோசிக்க வைக்கும். எரிந்துபோனவருக்குத் தியானமும் யோகாவும் அவ்வளவாக உதவாது என்று எழுதியிருக்கிறார். அவர் காரணம் இது: இந்தச் சோர்வு மனதில் வருவது, ஏற்கெனவே உள்ளுக்குள் குடைந்துகொண்டிருப்பவரை மேலும் உள்ளே பார்க்கச் சொல்லாதீர்கள், ஓட விடுங்கள், உடம்பு களைக்கும்படி எதையாவது செய்ய விடுங்கள். யோகாவால் பலன் பெற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அவர் சொன்னதை அப்படியே ஏற்க மாட்டேன். ஆனால் 84 மணி நேர ரோஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் எல்லோரையும் பாயில் உட்காரவைத்து மூச்சை இழுத்து விடச் சொல்லும் நிர்வாகங்களுக்கு இந்தப் பத்தியை யாராவது படித்துக் காட்ட வேண்டும். 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். இதை மூச்சுப் பயிற்சி ஈடுகட்டாது.

நான் நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் போய் உட்கார்ந்தேன். போன் எடுத்து அந்த 41 வினாடியைப் போட்டுக் காட்டினேன். அவ்வளவு சங்கடமான வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் இப்படித்தாம்மா பேசிட்டிருக்கேன்" என்றார்.

நான் கேட்டது மூன்று. ராத்திரிக்கு மூன்றாவது நர்ஸ், தொடர் நைட் மூன்றுக்கு மேல் வேண்டாம், எனக்குச் சில மாதம் வேறு இடம். மூன்றாவது நர்ஸ் கிடைக்கவில்லை, பட்ஜெட் இல்லை என்று நிர்வாகம் முடித்துவிட்டது. இன்றுவரை அந்த வார்டில் ராத்திரிக்கு இரண்டு பேர்தான், அது சரி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மற்ற இரண்டும் நடந்தன. ரோஸ்டர் மூன்று மூன்றாக மாறியது. என்னை நான்கு மாதம் ஓ.பி.யில் டிரெஸ்ஸிங் அறைக்கு மாற்றினார்கள்.

அந்த நான்கு மாதம்தான் என்னை மீட்டது என்று சொல்வேன். டிரெஸ்ஸிங் அறையில் ஒரு வேலைக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. சர்க்கரைப் புண்ணோடு ஒருவர் வருவார். கட்டுப் பிரித்து, சலைன் விட்டுக் கழுவி, அளந்து எழுதி, மறுபடி கட்டி அனுப்புவேன். இரண்டு நாள் கழித்து அவரே வருவார். புண் ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருக்கும். போன வாரம் நாலு சென்டிமீட்டர், இந்த வாரம் மூன்றரை. என் கை செய்த வேலை என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறாவது வாரத்தில் ஒரு பெரியவரிடம், அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேத்தி பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கவனித்தேன், அதை நான் முயற்சி பண்ணிக் கேட்கவில்லை.

அந்த ஜூனியர் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா, அப்ப எல்லாருமே அப்படித்தான் இருந்தாங்க" என்றாள். அந்தப் பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. வார்டுக்குத் திரும்பியதும், டூட்டி மாறும்போது அடுத்தவரிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரை உட்கார்ந்து செய்யும்படி மாற்றினோம், பத்து நிமிடம் கூடுதலாக. படுக்கை எண்ணோடு பெயரும் சொல்ல வேண்டும். 'நேத்து ராத்திரி எது கஷ்டமா இருந்துச்சு' என்று ஒருவர் கேட்க வேண்டும். முதல் மாதம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தெரிந்தும்

ஃப்ராய்டன்பெர்கரின் கதையில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு இந்த ஆய்வை முடித்தால் நேர்மையாக இருக்காது. 1980இல் அவர் இதைப் பற்றிப் பொதுமக்களுக்கான புத்தகம் எழுதினார், 1985இல் பெண்களின் பணிச்சோர்வு பற்றி இன்னொன்று. உலகம் முழுக்கப் பெயர் பெற்றார். 1999இல் அவருடைய வாழ்நாள் பணிக்காக அமெரிக்க உளவியல் அறக்கட்டளை தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே வருடம் நவம்பரில் இறந்தார். சாவதற்கு மூன்று வாரம் முன்பு வரை வாரம் ஆறு நாள், நாளுக்கு 14, 15 மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார்.

முதல் தடவை படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. இலவச மருத்துவமனையின் தொண்டர்களுக்கு எல்லை வைக்கச் சொல்லி அவர் எழுதினார். அவருக்கு எல்லை வைக்க மேலே யாரும் இல்லை. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓடிவந்த பையன் அவருக்குள் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். தனக்கு வருவது தனக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அதோடு போய்விட்டது. அதனால் நான் வேறு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

அந்த 41 வினாடியை அழிக்கவில்லை. ஸ்டார் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். அப்புறம் அந்த வாரம் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் ஏதாவது ஒன்றைப் போடுவேன். போன வாரம் இரண்டாவதைக் கேட்டபோது கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. அதை அப்படியே அந்த ஜூனியர் பெண்ணுக்கு அனுப்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவள் இப்போது சீனியர் ஸ்டாஃப். "அடுத்த வாரம் நைட்டை நான் எடுத்துக்கிறேன்கா, நீங்க ரெண்டு நாள் வீட்ல இருங்க" என்று பதில் போட்டாள். சரி என்று எழுதினேன்.